காது குடைகிற கத்தி

கல்லூரிக் கடைசி வருடத்தில், வார் அறுந்த பையைத் தூக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறவன் அந்தத் தோல்பைப் பட்டறைக்கு முதலில் போனது. பட்டறையை நடத்தும் பைக்காரம்மா வாரைப் புரட்டிப் பார்த்தார். "வாருக்குத் தப்பில்ல தம்பி. நீ சுமக்கிற புத்தகத்தைக் குறை." அவர் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. படியில் வழுக்கி எலும்பு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இருபது வருடமாக அங்கே தோலை வெட்டுவது அவர், தைப்பது கொழுந்தன். இப்போது பழைய பிறைக்கத்தியை, அரைநிலா போல வளைந்த அந்தக் கனத்த இரும்பை, அழுத்தினாலே மணிக்கட்டு சுண்டி இழுத்தது.

"அண்ணி, நீங்க தையலுக்கு வந்துடுங்க. நான் வெட்டிக்கிறேன்." கொழுந்தன் நல்ல மனசோடுதான் சொன்னான். வெட்டுவதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பழைய இரும்புக் கடையில் கத்திகளைக் கிளறினார். பளபளப்பானவற்றை அவர் சட்டை செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பலகையில் ஊன்றி, மணிக்கட்டு மடங்காமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார். கடைசியில் அதே பிறை வடிவில், பாதி அளவில், துருவேறிய ஒன்று கையில் உட்கார்ந்தது.

"இது காது குடையறதுக்கா அண்ணி?" பட்டறையில் அதைப் பார்த்ததும் கொழுந்தன் சிரித்தான்.

"உன் காதுல ஏறணும்னா இதைவிடப் பெருசுதான் வேணும்."

தீட்டுவதில்தான் சிக்கல். வளைந்த விளிம்பைக் கல்மேல் முனைக்கு முனை உருட்ட வேண்டும். உருட்டுவது மணிக்கட்டின் வேலை. மூன்று முறை முயன்றார். நடுவில் கூர் ஏறியது, முனைகள் மொட்டையாகவே இருந்தன. எரிச்சலில் கத்தியை மேசையோர இரும்பு இடுக்கியில் மாட்டி இறுக்கினார். இறுக்கிய பிறகுதான் தோன்றியது: கத்தி நகராவிட்டால் என்ன, கல் நகரட்டுமே. விளிம்பில் மார்க்கர் மையைப் பூசி, எண்ணெய் விட்ட சின்னக் கல்லை இடது கையால் வளைவோடு தேய்த்தார். மை மிச்சமிருந்த இடத்தில் கல் படவில்லை என்று அர்த்தம். இரு பக்கமும் மை போனதும், மெருகுப்பசை தடவிய தோல்பட்டையில் இழுத்துப் பிசிறைப் போக்கினார்.

ஆர்டருக்கென்று இருந்த ஒரே தோலைக் கொழுந்தன் தயங்கித் தயங்கி விரித்தான். அவர் மூலை வளைவில் கத்தியை ஊன்றி, தள்ளாமல், தொட்டில் மாதிரி ஆட்டி ஆட்டி வெட்டினார். சத்தமே இல்லை. கொழுந்தன் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தான்; ஒரு பிசிறு இல்லை. அடுத்து நீளக் கோடு. கால்வாசி போவதற்குள் மணிக்கட்டு மறுபடி சுண்டி இழுத்தது. அவரே நிறுத்தினார்.

"நேர்கோடு நீ வெட்டு. மூலைப் பக்கம் மட்டும் வராத."

"சரிங்க அண்ணி. என் காது பத்திரமா இருந்தா போதும்."

இப்போது பைக்காரம்மா வெட்டுமேசையின் ஜன்னலோர முனையில் வளைவுகளை வெட்டுகிறார். பெரிய கத்தி கொழுந்தனிடம் இருக்கிறது. மழை நாட்களில் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.