உப்புப் பாலும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும்

தும்யாத் நகரத்துப் பாலாடைக்கட்டி ஆலையில் அதியாத் இருபத்தாறு வருடம் பால் சோதித்தாள். அவளுடைய வெள்ளை மேலங்கி முழுக்க அமிலம் தெறித்துப் பொசுங்கிய ஓட்டைகள். சில கை தவறி வந்தவை. பல, "இதையும் அதையும் கலந்தா என்ன ஆகும்?" என்று அவளே பார்க்கப் போய் வந்தவை. அவள் இறந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. மேலங்கி அதே ஆணியில்தான் தொங்குகிறது.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் அந்த இயந்திரம் வந்தது. பால் இறங்கும் குழாயில் விரல் தடிமனில் ஓர் எஃகுக் கம்பி, அதன் நுனியில் சின்னக் கண்ணாடி. அதிலிருந்து வரும் ஒளி சிவப்புக்கும் அப்பாற்பட்டது, மனிதக் கண்ணுக்கு எட்டாது. அதில் பால் எவ்வளவை விழுங்குகிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தே, கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று நொடியில் திரையில் காட்டிவிடும்.

கம்பியைக் குழாயில் மாட்டுவதற்கு முன் அதியாத் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"சூடும் இல்ல, கண்ணுக்கும் தெரியல. வெளிச்சம் வருதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா, இன்ஜினியர்?"

"பில்லு சொல்லுச்சு," என்றார் பொறியாளர் வக்தி.

நான்காம் நாள் ஹம்தியாவின் கேன்களுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் கலந்த பால். ஆற்றுக்கு அக்கரையில் பதினோரு வீட்டு எருமைப்பாலை மாலையில் சேகரித்து, காலையில் படகேற்றிக் கொண்டுவருகிறவள் ஹம்தியா. கேட்டில் நின்று அவள் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"தண்ணியா? நானா? அந்தக் கம்பியைப் பிடுங்கி உங்க அப்பன் டீயில வைங்கடா, அதையும் தண்ணின்னுதான் சொல்லும்!"

மறுநாளும் சிவப்பு. அதற்கடுத்த நாளும். வக்தி சொல்லிவிட்டார்: வியாழக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஹம்தியாவுக்குக் கேட் திறக்காது. பதினோரு வீட்டுப் பாலுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

அதியாத் தன் பழைய முறையில் அமிலம் ஊற்றிச் சுழற்றிப் பார்த்தாள். கொழுப்பு ஏழேகால். நல்ல எருமைப்பால். தண்ணீர் ஊற்றியிருந்தால் கொழுப்பும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இயந்திரம் ஆறுக்குக் கீழே காட்டியது. இரண்டில் ஒன்று பொய். எது என்பதைவிட, ஏன் என்பதுதான் அவளை அரித்தது.

மதிய இடைவேளையில் ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குழாயிலிருந்து கழற்றிய கம்பியை வேறொருவரின் பாலில் வைத்தாள். கொஞ்சம் சூடாக்கினாள். திரையில் எண் நகர்ந்தது. ஆறவைத்தாள், திரும்பி வந்தது. அப்படியானால் ஹம்தியாவின் பால் சூடோ? தெர்மாமீட்டர் வைத்தாள். மற்றதற்கும் இதற்கும் ஒரே சூடு. கடைசியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

உப்பு கரித்தது.

வக்தியிடம் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! தண்ணி ஊத்துறவன்தான், பாலோட அடர்த்தி பாக்கிற லாக்டோமீட்டரை ஏமாத்த உப்புப் போடுவான். திருட்டுக்கு மேல திருட்டு!"

"கொஞ்சம் இருங்க. நீங்க உங்க கையாலயே ஊத்துங்க."

ஆலைத் தொட்டியிலிருந்தே நல்ல பால் எடுக்கவைத்தாள். உப்பை எடைபோட்டு அவரையே கலக்கச் சொன்னாள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கம்பியைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வக்தி விளக்கையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உப்பு போட்டா, பால்ல இருக்கிற தண்ணியே அதுக்கு வேற மாதிரி தெரியுது," என்றாள் அதியாத். "சூடாக்கினா தெரிஞ்ச மாதிரியே. வேடிக்கையா இல்ல?"

ஹம்தியாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் மறைக்கவே இல்லை.

"ஆமா, போட்டேன். இந்த வெயில்ல சாயங்காலப் பால் விடியறவரை தாங்குமா? நீங்க உறை ஊத்துறதுக்கு முன்னாடி மூட்டையா கொட்டுறீங்களே உப்பு! அதுல மூணு கிண்ணத்தை நான் முன்னாடியே போட்டா என் தலையை வாங்குவீங்களா?"

பாலிலேயே உப்புப் போட்டுவிட்டு உறைய வைப்பதுதான் இந்த ஊர் வழக்கம். இயந்திரத்துக்குப் பால் பழக்கியவர்களின் நாட்டில் கட்டியான பிறகுதான் உப்பு. உப்புப் பால் என்று ஒன்று குழாயில் வரும் என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

"சரி, நாளைக்கு உப்பில்லாம கொண்டா," என்றார் வக்தி.

புதன்கிழமை உப்பில்லாமல் கொண்டுவந்தாள். விளக்கு பச்சையாக எரிந்தது. சோதிக்கக் காய்ச்சிய பாலோ திரிந்தது. நான்கு கேனும் சாக்கடைக்குப் போயின. ஹம்தியா காலிக் கேன்களை ஒவ்வொன்றாகக் கழுவிப் படகுக்குத் தூக்கிப் போனாள்.

அன்று மாலை அதியாத் வக்தியிடம் கேட்டாள்: "இதுக்குப் புதுசா கத்துக்குடுக்க முடியுமா?"

"முடியும். அளந்த உப்போட அறுபது, எழுபது மாதிரி வேணும். ஒவ்வொண்ணுக்கும் சரியான கணக்கு யாரு குடுப்பா?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வியாழன் காலை கேட் திறந்தது. கேனுக்கு மூன்று கிண்ணம், தலை தட்டி, கூடாமல் குறையாமல் என்பது ஒப்பந்தம். இயந்திரம் கற்றுக்கொள்ளும்வரை ஹம்தியாவின் பாலுக்கு அதியாத் எழுதுவதே முடிவு. மூன்று வாரம் அவள் அமிலமும் குழாயுமாகக் கிடந்தாள். மேலங்கியில் இன்னும் நாலு ஓட்டை. கடைசியில் ஒரு நாள் கேன் குழாயில் இறங்கியது. திரை ஏழேகால் காட்டியது. அவள் தாளிலும் ஏழேகால்.

"இப்பவாச்சும் அதுக்குக் கண்ணு தெரிஞ்சுதே," என்றாள் ஹம்தியா.

"அதெல்லாம் சரிக்கா, உப்பு ஏன் அதுக்குச் சூடு மாதிரி தெரியுது?" என்றாள் அதியாத்.

"அதை என்கிட்டயா கேக்கிற?"

திரையில் பால் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் முன்பு இரண்டு பெயர்கள்தான் இருந்தன. பசு, எருமை. அதியாத் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அதை யாரும் மாற்றவில்லை. இன்று காலையும் பால் இறக்க வந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, பசுவைத் தாண்டி, எருமையைத் தாண்டி, 'ஹம்தியா' என்பதைத் தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது.