கரை வைக்காத பேரரசி

மொன்றியலின் சபனெல் தெருத் தையற்சாலையில் புஷ்பவதியின் வேலை, ஆடைகளுக்கு ஓரம் தைப்பது. ஓரம் இல்லாத துணி அவர் கண்ணுக்கு முடிவடையாத துணி. 2007ஆம் ஆண்டின் வசந்தத்தில், நகருக்கு அருகே லவாலில் உள்ள தம் வீட்டில் ஒரு பேரரசிக்கு ஆடை தைத்தபோது அவர் செய்த தவறும் அந்தப் பழக்கத்திலிருந்தே பிறந்தது.

ஆடை வதனிக்கு. வதனி, புஷ்பவதியின் தங்கை இந்திராதேவி பெற்ற மகள். போர்க்காலத்தில் மூன்று வயதுக் குழந்தையாகப் பருத்தித்துறையிலிருந்து மொன்றியலுக்கு அனுப்பப்பட்டவளைப் பிள்ளையில்லாத புஷ்பவதி வளர்த்தார். இப்போது பள்ளியின் வரலாற்று நாடகத்தில் அவளுக்கு பழைய சீனத்து ஹான் வம்சத்துப் பேரரசி மாவின் வேடம். அதே மாதம் இந்திராதேவியும் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். ரொறன்ரோவில் குடியேறப் போகும் அவர், மகளைத் தம்முடன் அழைத்துச் செல்ல விரும்பினார். புஷ்பவதி மறுக்கவில்லை; நாடகம் முடியட்டும், பிள்ளையே முடிவு சொல்லட்டும் என்றார். அதன்பின் அவர் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்ததே அரிது.

பள்ளியிலிருந்து வந்தது சொரசொரப்பான வெறும் பட்டு. அரசிக்கு இது போதாது என்று எண்ணிய புஷ்பவதி, தம் கலியாணக் கூறைச்சேலையின் சரிகைக் கரையை வெட்டிப் பாவாடையின் அடியில் தைத்தார்.

உடுத்திப் பார்த்த வதனி தயங்கினாள்.

"அம்மா, இவ கரை வைக்காதவ."

"அரசியெண்டாப் பிறகு கரை இல்லாமலோ?"

"அதுக்குத்தானே அவ பேர் போனவ."

பிறகு அந்த வாழ்க்கையைச் சொன்னாள். தந்தையாகிய தளபதியை இழந்து, பத்து வயதிலேயே வீட்டை நிர்வகித்தவள் மா. அரசியான பின்னும் கரையில்லாத முரட்டுப் பட்டையே உடுத்தினாள். தொலைவிலிருந்து கண்ட அரண்மனைப் பெண்கள் அதை ஏதோ அரிய பட்டு என்று மயங்கினார்கள். அருகில் வந்ததும் சிரித்தார்கள். இந்தத் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று மட்டும் அவள் சொன்னாள். தன் சகோதரர்களுக்குப் பெரும் பட்டங்கள் வராமல் தானே தடுத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இன்னொருத்தி பெற்ற மகனைப் பேரரசர் அவளிடம் ஒப்படைத்து, பெறுவது முக்கியமில்லை, அன்பில் குறை வராதிருந்தால் போதும் என்றார். அந்த அன்பில் கடைசிவரை குறை வரவில்லை.

புஷ்பவதி ஊசியைக் கையில் வைத்தபடியே இருந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், தாம் கண்டிராத ஒரு நாட்டின் அரண்மனையில், தம்மைப் போல் ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள். அவருக்கு மெய்சிலிர்த்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பெத்தவ?"

"அரண்மனையிலைதான் இருந்தவ. மகன் ராசாவாகியும் அவவைத் தாயெண்டு ஆரும் கொண்டாடேல்லை."

அடுத்த அறையில் இந்திராதேவி இருந்தார். புஷ்பவதி கரையைப் பிரிக்கத் தொடங்கினார்.

நாடகத்தன்று நடிகர் ஒவ்வொருவரின் தாய்க்கும் முன்வரிசையில் ஓர் இருக்கை இருந்தது. புஷ்பவதி அதில் தங்கையை அமர்த்திவிட்டு அரங்கின் கடைசியில், கதவோரம் போய் நின்றார். திரை விலகியது. அந்தத் துணியின் ஒவ்வொரு முரட்டு நூலையும் விரலால் அறிந்தவர் அவர்; ஆயினும் அத்தனை தொலைவிலிருந்து பார்த்தபோது, அதைவிட உயர்ந்த பட்டை அவர் கண்டதில்லை. அரண்மனைப் பெண்கள் மயங்கியது பொய்யில்லை.

வதனி வாய் திறக்கவில்லை. அவளுடைய கண்கள் முன்வரிசையைத் தொட்டு, பின்வரிசைகளைத் தேடி, கதவோரத்தில் வந்து நின்றன. அதன் பிறகே முதல் வசனம் வந்தது. அந்தப் பார்வையின் வழியே இந்திராதேவியும் திரும்பிப் பார்த்தார்.

நாடகம் முடிந்ததும் அவரே அக்காவிடம் வந்தார்.

"உங்களைக் கண்டாப் பிறகுதான் பிள்ளை கதைச்சவள். நான் தனியப் போறன் அக்கா. லீவுக்கு மட்டும் அனுப்பிவிடுங்கோ."

"அனுப்பிறதோ? நானே கூட்டிக்கொண்டு வாறன்."

வேடம் கலைக்காமல் வந்து நின்ற வதனி இருவரையும் பார்த்தாள்.

"என்னை ஒருத்தரும் கேக்க மாட்டியளோ?"

"சொல்லு," என்றார் இந்திராதேவி.

"நான் இங்கை அம்மாவோடைதான் இருப்பன். ஆனா லீவு முழுக்க உங்களோடை, சின்னம்மா. சமையல் மட்டும் நீங்கள்தான்."

இந்திராதேவி ரொறன்ரோ பேருந்தில் ஏறிய காலையில், அவருடைய வெறும் நூற்சேலையில் புதிதாக அந்தக் கூறைச்சேலையின் சரிகைக் கரை இருந்தது.