ஆள்காட்டிக்குக் காவல் இருந்த செல்லக்கனி

செல்லக்கனி சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, செல்போன் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்க. தலையில் தொப்பி, கையில் உறை, முகத்தில் துணி. ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹாஸ்டல். வெயில் மேலே படாமலே சில வருடங்கள் ஓடின. ஒப்பந்தம் முடிந்ததும் கூட இருந்த பெண்கள் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். செல்லக்கனிக்குச் சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறு. அதைச் சொன்னதும் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மறுபடியும் அப்படி ஒரு கூட்டத்தின் முன்னால் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. பென்னலூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, புதிய தொழிற்சாலை வரவிருந்த காலி மனை ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தார்.

மனை முழுவதும் கிராவல் மண் கொட்டி நிரவியிருந்தது. ஒருநாள் காலை அவர் வேலியோரமாக நடந்தபோது ஒரு பறவை தலைக்கு மேலே வந்து கத்தியது. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பாய்ந்து பாய்ந்து விரட்டியது. குனிந்து பார்த்தபோதுதான் காலுக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள் தெரிந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. மண் நிறத்தில், கறுப்புத் திட்டுகளோடு, கல்லோடு கல்லாக வெறும் தரையில் கிடந்தன.

செல்லக்கனி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மறுநாள் ரோலர் வந்து அந்த இடத்தை அமுக்கிவிட்டுப் போனது.

பறவை போகவில்லை. தட்டையாகிப்போன தரையில் நடந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் உட்காரும். எழுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடியும் உட்காரும். செல்லக்கனி கொண்டுவந்த சோற்றை அப்படியே மூடி வைத்தார். பொக்லைன் ஓட்டும் ராஜாமணியிடம் கேட்டார். அவர் மணிமங்கலத்துக்காரர், விவசாயத்தை விட்டுவிட்டு வண்டிக்கு வந்தவர்.

"அது என்ன பறவை அண்ணாச்சி? காலையில இருந்து அழுதுக்கிட்டே கெடக்கு."

"அதுவாம்மா? ஆள்காட்டி. ஆள் வந்தா கத்திக் காட்டிக் குடுத்துடும். முன்னல்லாம் ஏரியாண்ட நெறைய இருக்கும். இப்ப ஏரிய சுத்தி மனை போட்டுட்டாங்க. அது இன்னா பண்ணும், இங்க வந்து முட்டை வுடுது."

"நேத்தே நான் சொல்லியிருந்தா ரோலர நிறுத்தியிருப்பாவளா?"

ராஜாமணி யோசித்தார். "தெரியலம்மா. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

அந்தப் பதில் செல்லக்கனியைத் தைத்தது. அதன்பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

வண்டிகள் வருவதற்கு முன்பே மனையைச் சுற்றி வருவார். முட்டை கண்ணில் பட்டால் சுற்றிலும் பெரிய கற்களை வைத்து, ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி நட்டுவிடுவார். பிறகு ஒவ்வொரு டிரைவரிடமும் போய் நிற்பார். "அந்தக் கல்ல மட்டும் சுத்திப் போங்க அண்ணாச்சி. ஒரு மாசந்தான். குஞ்சு பொரிஞ்சிட்டா அதுவே நடந்து போயிரும்." சிலர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஜீவானந்தம் கற்களை எட்டி உதைத்தார். அவர் போனபின் செல்லக்கனி திரும்ப அடுக்கினார். முதலில் வண்டியை வளைத்து ஓட்டியது ராஜாமணிதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் வளைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் அதற்குமுன் யாரும் செய்யாத வேலை அது. வேறு மனைகளுக்குப் போன டிரைவர்கள் அங்கே முட்டையைப் பார்த்தால் செல்லக்கனிக்கு போன் செய்தார்கள். விடுமுறை நாளில் ஷேர் ஆட்டோ ஏறி ஒரகடம், படப்பை என்று அவர் கிளம்பிவிடுவார். அறையில் ஒரு பாய், ஓர் அடுப்பு, ஒரு குடம். அதற்குமேல் எதுவும் வாங்கத் தோன்றியதில்லை. காப்பாற்றியவற்றைவிட இழந்தவை அதிகம். நாய் தின்றது, காக்கை கொத்தியது, லாரி ஏறியது. ஒவ்வொரு முறையும் அழுதார். எத்தனை வருடமாகியும் அது அவருக்குப் பழகவில்லை.

கடைசிக் கோடையில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வெயிலில் போகக்கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் மனையில் முட்டையிட்டிருந்த ஓர் ஆள்காட்டியின் துணை மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். இரண்டு இருந்தால் முறை மாற்றிக்கொள்ளும். தனியாக விடப்பட்ட இதற்கு அருகில் குட்டைகூட இல்லை, மண் போட்டு மூடியிருந்தார்கள். செல்லக்கனி அகலமான மண்சட்டி ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்து, தினமும் உச்சிவெயிலில் போய்த் தண்ணீர் ஊற்றினார். பறவை ஓடிவந்து நனைந்துவிட்டு ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்தது.

"உடம்ப பாத்துக்கம்மா. தண்ணிய நான் ஊத்துறேன்" என்றார் ராஜாமணி.

"ஒங்களப் பாத்தா அது பயப்படும் அண்ணாச்சி. என்னைய இப்ப அது திட்டுறதில்ல."

ஒரு மதியம் அவர் வேலியோரம் விழுந்து கிடந்தார். ராஜாமணிதான் பார்த்துத் தூக்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் துணைக்கு அங்கேயே இருந்தார். கண் விழித்தபோது செல்லக்கனி கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி வச்சியளா?"

"வச்சேன்மா" என்றார் ராஜாமணி. வைக்கவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஊரிலிருந்து தம்பி அய்யாத்துரை வந்து சேர்ந்ததும் ராஜாமணி மனைக்கு ஓடினார். சட்டி காய்ந்திருந்தது. பறவை இல்லை. முட்டைகளைக் காக்கைகள் உடைத்திருந்தன. அதைச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் செல்லக்கனி இறந்துபோனார்.

அக்காவை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸோடு வெளியே வந்த அய்யாத்துரை, வாசலில் காக்கிச் சட்டைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தார். சிலர் டிப்பர் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தார்கள்.

"நீங்கல்லாம் யாரு? எங்கக்காவுக்கு இங்க யாருமே இல்லன்னுல்லா நெனச்சோம்."

 முன்னால் நின்ற டிரைவர் ஒருவர் சொன்னார். "அக்கா சொல்லும், நாங்க வண்டிய சுத்தி ஓட்டுவோம். அவ்ளோதாங்க."

அய்யாத்துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.