குற்றாலத்தில் உடைந்த பட்டாம்பூச்சிப் பெட்டி

தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் ஒரு வீட்டில், பட்டாம்பூச்சிகளைப் பாடம் செய்து ஊசியில் குத்திவைத்த பழைய கண்ணாடிப்பெட்டி விலைக்கு இருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மதுரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக இந்தப் பெட்டிகளைச் சேர்க்கிறேன். வீட்டில் ஏழு இருக்கின்றன. இதே கிறுக்கோடு தென்காசிப் பக்கம் கிளம்புகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான், வெட்கத்தைப் பார்க்காமல் நடந்ததை எழுதுகிறேன்.

ஆனி மாதம், சனிக்கிழமை. மதுரையில் காலை ஏழேகாலுக்கு ரயில் ஏறி, பத்தேகாலுக்குத் தென்காசியில் இறங்கினேன். நல்ல சாரல். ஸ்டேஷன் வாசலில் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் ஆட்டோ கிடைத்தது. ஐம்பது வயதிருக்கும். மேலகரம் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவிட நானூறு ரூபாய்.

பெட்டிக்காரர் ஈஸ்வரி டீச்சர். அவருடைய மாமனார் மலையில் எஸ்டேட் கணக்கராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனதாம். தேக்குச் சட்டம், மூன்றடிக்கு இரண்டடி, இருபத்துநான்கு பூச்சிகள். நம் காட்டு இனங்கள் இருந்தால் சட்டச் சிக்கல் என்பதால், படத்தை விவரம் தெரிந்தவரிடம் காட்டி, எல்லாம் வெளிநாட்டு இனங்கள்தான் என்று முன்பே உறுதி செய்திருந்தேன்.

"இத்தன வருசத்துல ஒரு எறும்பு அண்டல பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர் பெருமையாக.

ஏன் அண்டவில்லை என்று எனக்குத் தெரியும். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக், பாதரச உப்பு என்று எதையாவது போடுவார்கள். கண்ணாடிக்குள் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் பொடி ஒதுங்கிக் கிடந்தது. கண்ணாடி முழுசாக இருக்கிறவரை பயமில்லை என்று பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டேன். அண்ணாச்சிதான் ஒரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏற்ற மாட்டேன் என்பாரோ என்று நினைத்தேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. "இம்புட்டு தூரம் வந்துட்டு அருவியப் பாக்காமப் போறியளா?" என்று அண்ணாச்சி கேட்க, எனக்கும் ஆசை வந்துவிட்டது. குற்றாலத்தில் சீசன் கூட்டம். மெயினருவி போகும் வழியில், உடம்பெல்லாம் எண்ணெயோடு ஒருவர் குறுக்கே ஓடினார். அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். பெட்டி என் மடியிலிருந்து நழுவி முன் கம்பியில் இடித்தது. கண்ணாடி நடுவில் பிளந்து, பொடி சிதறியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்கி வந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சில்லு கட்டைவிரலைக் கீறியது. ரத்தம் வந்த விரலை அப்படியே வாயில் வைத்துச் சப்பினார்.

"அண்ணாச்சி, துப்புங்க. முழுங்கிராதீங்க."

"என்னம்மா?"

"அந்தப் பொடி விஷம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு துப்பினார். பஜ்ஜிக் கடைக் குழாயில் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால், முன்னும் பின்னும் கார்கள் நகராமல் நின்றன.

"நானே ஓட்டுதேன். கிறுகிறுன்னு வந்தா சொல்லுதேன்" என்றார்.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பெட்டியைத் துணியால் இறுகச் சுற்றிவிட்டு, அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தலை லேசாக ஆடினாலும், கிறுகிறுப்பா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தார்.

"என்ன விஷம்?" என்று டாக்டர் கேட்டார். ஆர்செனிக்கோ பாதரசமோ, எதுவென்று தெரியாது என்றேன். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. பயத்தில் வந்த வாந்தியா, பொடியால் வந்ததா என்று இப்போது சொல்ல முடியாது, இரவு முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார். சோதனைக்குச் சிறுநீர் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர நான்கு நாளாகும்.

மூன்று மணிக்கு அண்ணாச்சியின் மனைவி செல்வி வந்தார். கணவரைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"நீங்க தெரிஞ்சேதான் ஏத்துனியளா?"

"ஆமா."

அவர் திட்டவில்லை. நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். அன்று நான் ஊர் திரும்பவில்லை. காலையில் அண்ணாச்சி இரண்டு இட்லி சாப்பிட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் மதுரைக்கு வந்து நான்கு நாள் கடையில் பவர் தப்புத்தப்பாக எழுதினேன். ஐந்தாம் நாள், பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

பழைய பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: உள்ளே பொடி இருந்தால் விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கையுறை உங்களுக்கு மட்டுமல்ல, கூடத் தூக்குகிறவருக்கும் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். வாங்கிய கையோடு ஊர் திரும்புங்கள். அருவியை இன்னொரு நாள் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், தூக்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

முடிவு வந்த அன்று நான் போன் செய்தபோது செல்விதான் எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அவுக வண்டிக்குப் போயிட்டாவ" என்றார். "நீங்க இனிமே வந்தா வேற ஆட்டோ பாத்துக்கிடுங்க."

சரி என்றேன்.