மிர்த்தாலே தூக்கிய பிள்ளை

ரோமர் ஆளும் எங்கள் பிலிப்பியில் மருத்துவச்சி மிர்த்தாலே கை படாமல் பிறந்த பிள்ளை குறைவு. வாய்தான் கொஞ்சம் நீளம். வலியில் கத்துகிறவளை, "ஏண்டி, ஊரைக் கூட்டவா என்னைக் கூப்பிட்ட?" என்று திட்டுவாள், திட்டிக்கொண்டே இடுப்பைத் தேய்த்துவிடுவாள். போன வருஷம் ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்த வாய் அடங்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளையைத் தரையில் கிடத்துவார்கள். தகப்பன் குனிந்து தூக்கினால் அது வீட்டுப் பிள்ளை. தூக்காவிட்டால் மருத்துவச்சி அதை ஊர்க்குப்பையில் வைத்துவிட்டு வரவேண்டும்.

கொல்லன் வீபியுஸுக்கு மூன்றாவதும் பெண். அவன் குனியவில்லை, சுவரைப் பார்த்து நின்றான். கட்டிலில் அவன் மனைவி பிலின்னா வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

"என்னப்பா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்றாள் மிர்த்தாலே.

"கொண்டுபோங்கக்கா. எங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?"

"அந்த வேலையை விட்டு ஒரு வருஷமாச்சு."

"அப்ப இனிமே இந்தத் தெருவுல உங்களை எவன் கூப்பிடுறான்னு பாக்குறேன்!"

செய்யக்கூடியவன்தான். வெறுந்தரையில் பிள்ளை நடுங்கியது. பாவி மனுஷன், கண்ணைத் திருப்பவே இல்லை! மிர்த்தாலே முட்டி வலியோடு உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மேலாடையில் சுற்றி எடுத்தாள்.

"சரி, நான் தூக்கிட்டேன். இது எம் புள்ள."

எடுத்துவிட்டாள், பாலுக்கு எங்கே போவது? அவளோ ஐம்பது வயது விதவை. துணியில் நனைத்துக் கொடுத்த ஆட்டுப்பாலைப் பிள்ளை கக்கியது. சபைப் பெண்கள் வந்து ஜெபித்தார்கள். அவர்களில் பால் கொடுக்கும் தாய் ஒருத்தியும் இல்லை. இரண்டாம் நாள் பிள்ளையின் அழுகை தேய்ந்துவிட்டது. மிர்த்தாலே கர்த்தரையும் விடவில்லை. "தூக்க வெச்சீரே, பாலுக்கு ஒரு வழி வெச்சீரா?"

மூன்றாம் நாள் காலை வாசலில் பிலின்னா நின்றாள். மார்பு நனைந்திருந்தது.

"யாரோ கூலிக்குப் பால் குடுக்க ஆள் தேடுறாங்கன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்க்கா."

மிர்த்தாலே அவளை உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் வைத்தாள். அது இரண்டு முறை தவறவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டது. குடிக்கும் சத்தம் கேட்டபிறகுதான் மிர்த்தாலேக்கு மூச்சு வந்தது.

"அக்கா," பிலின்னா நிமிரவில்லை. "பெத்ததைத் தூக்கிப் போடச் சொன்னப்ப நான் வாயே தொறக்கல. உங்க கர்த்தர் என்னையெல்லாம் சேத்துக்குவாரா?"

மிர்த்தாலே தன் கைகளைப் பார்த்தாள்.

"பதினோரு புள்ளைங்கடி. இந்தக் கையாலதான் குப்பையில வெச்சுட்டு வந்தேன். என்னையே சேத்துக்கிட்டாரு."

பிலின்னா தேம்பினாள்.

"அழாதடி, புள்ளைக்குப் புரையேறும்" என்று அதட்டினாள் மிர்த்தாலே, தானும் அழுதுகொண்டே.