சட்டிக்குள் இருந்த மற்ற நத்தை

சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்தால் யார் தலையிலும் கைவைத்துவிடும் மடையன் நான். போதாக்குறைக்கு விலங்கியல் படிப்பிக்கும் வாத்தியார் என்பதால், நான் பகிடிக்குச் சொன்னதையும் சிலர் படிப்பு என்று நம்பிவிடுவார்கள். இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்பதுகளின் தொடக்கத்தில், நாரந்தனையில், என் அக்காவின் செலவில் தெரிந்துகொண்டேன்.

அக்கா வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அத்தானுக்குத் தெற்கே கடை. ஒருமுறை ஊருக்கு வந்தபோது, கொழும்பில் மீன்தொட்டிக்கு விற்கும் வெளிநாட்டு நத்தைகள் ஆறை ஒரு போத்தலில் கொண்டுவந்து தந்தார். நன்னீரில் வாழும் இந்த நத்தை முட்டையை மட்டும் தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்புக் கொத்தாக ஒட்டிவைக்கும். இதில் ஆண் வேறு, பெண் வேறு. எது எதென்று அறிய ரோச் லைற்றை ஓட்டுக்குள் அடித்து வலப்பக்கமாக எட்டிப் பார்க்க வேண்டும். மரியாதையான தொழில் அல்லதான்.

மூன்று ஆண், மூன்று பெண். குசினியிலிருந்து மூன்று மண்சட்டிகளைக் கடத்திவந்து சோடி சோடியாக விட்டேன். குஞ்சுகள் வளர்ந்ததும் எண்ணிப் பார்த்தேன். முதற்சட்டியில் அநேகமாக எல்லாம் ஆண். இரண்டாவதில் கலப்பு. மூன்றாவதில் இரண்டைத் தவிர அத்தனையும் பெண். அடுத்த ஈட்டிலும் அதே கதை!

மிச்சக் குஞ்சுகளைப் பக்கத்துக் குளத்தில் கொட்டினேன். மாரி வந்ததும் வயல் வரப்பெல்லாம் இளஞ்சிவப்பு முட்டை. அதற்கு வயற்காரரிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. ஏச்சுக்கிடையிலும் குளத்தில் ஒரு வாளி அள்ளி எண்ணினேன். ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். இரண்டு பக்கக் கோணல்களும் ஒன்றாய்ச் சேர்ந்து நேராகிவிட்டன. அப்படியானால் சட்டிக்குள் கோணல் எங்கிருந்து வருகிறது?

இதை யோசித்துக்கொண்டு சட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்தபோதுதான் அத்தானின் தாய் வந்தார். அடுத்த வளவில்தான் அவர் வீடு. அக்காவுக்கு அப்போது நான்கு பெண்பிள்ளைகள். வயிற்றில் ஐந்தாவது, மூன்று மாதம்.

"உதென்ன தம்பி, மூண்டாம் சட்டியை உப்பிடிப் பாக்கிறீர்?"

"இவ எங்கட அக்கா மாதிரி மாமி. பெட்டையளைத் தவிர வேறொண்டும் பெறத் தெரியாது."

நான் மட்டும் சிரித்தேன்.

"அப்ப பிழை தாயிலதான் எண்டு உம்மட படிப்பும் சொல்லுது."

"ஓம், ஒரு கணக்குக்கு அப்பிடித்தான்" என்றேன்.

அந்த ஒரு கணக்கு அன்றைக்கே கடிதமாகி அத்தானுக்குப் போயிற்று. தாயின் சொல்லைத் தட்டாத மனிதர். 'அம்மா சொல்லுறபடி செய்' என்று பதில் வந்தது. மாமி சொன்னது இதுதான்: அக்கா வெள்ளிதோறும் விரதமிருந்து, வள்ளமேறி நயினாதீவு அம்மனிடம் போய் ஆண்பிள்ளை கேட்கவேண்டும். அக்காவுக்கோ கரையில் நின்று கடலைப் பார்த்தாலே குமட்டிச் சத்தி வரும்.

ஒரு வெள்ளி, வெளிறிப்போய்த் திரும்பிய அக்கா குசினி வாசலில் சாய்ந்திருந்து சட்டியைப் பார்த்தாள்.

"தம்பி, உதுக்குள்ள தாய் மட்டுமோ இருக்கிறா?"

"இல்லை, ஒரு ஆணும் இருக்கு."

"துவக்கத்தில இருந்து அதே ஆளோ?"

"ஓம்."

"அப்ப அவரை ஏன் நீ கணக்கில எடுக்கேல்லை?"

பட்டம் பெற்றவன் நான்; கேள்வி கேட்டவள் அக்கா. எழுந்துபோய் முதற்சட்டி ஆணையும் மூன்றாம் சட்டி ஆணையும் இடம்மாற்றினேன். பழைய துணையின் விந்து மிச்சம் பெண்ணின் உடலில் தங்கியிருக்கலாம் என்று முதலில் வந்த முட்டைக் கொத்துகளைக் கழித்துவிட்டேன். பிறகு காத்திருந்தேன். குஞ்சுகளும் வளர்ந்தன, அக்காவின் வயிறும் வளர்ந்தது, வெள்ளிக்கிழமைகளும் தவறாமல் வந்தன.

எட்டாம் மாதத்தில் எண்ண முடிந்தது. மூன்றாம் சட்டித் தாய்க்கு இப்போது ஆண்பிள்ளைகள் தாராளம். முதற்சட்டித் தாய்க்கும் பெண்குஞ்சுகள் பிறந்திருந்தன. நம்பமுடியாமல் மூன்றுதரம் எண்ணிவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"எனக்கேன் சொல்லுறாய்?" என்றாள் அக்கா. "சொல்லவேண்டிய இடத்தில போய்ச் சொல்லு. வாற வெள்ளி என்னால வள்ளத்தில ஏற ஏலாது."

இரண்டு சட்டிகளையும் சுமந்துகொண்டு அடுத்த வளவுக்குப் போனேன். மாமிக்கு முன்னால் வைத்து, ஒன்றும் விடாமல் விளங்கப்படுத்தினேன். வாழ்நாளில் பகிடியே இல்லாமல் நான் பேசிய ஒரே பேச்சு அது.

"தகப்பனிலயும் கிடக்கு மாமி. அக்காவை இனி வள்ளத்தில அனுப்பாதேங்கோ."

மாமி குனிந்து சட்டிக்குள் பார்த்தார். ஒரு நத்தையை எடுத்துப் புரட்டியும் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டு, கையைச் சேலையில் துடைத்தார்.

"என்ர மோன் நத்தையில்லை, தம்பி."