தேஜஸ்ரீ சாப்பிடத் தொடங்கியது

இசக்கிமுத்துவுக்குச் சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். பிளஸ் டூவில் கணக்குப் பாடம் தவறிப்போன வருடம் திருப்பூருக்கு வந்தான். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, போகப்போக ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தான். அங்கேயே செக்கிங்கில் இருந்த நதியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளும் தெற்கத்திப் பெண்தான். மண்ணரையிலேயே வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் ஒற்றை அறையும் சின்னச் சமையல்கட்டும் கிடைத்தது. தேஜஸ்ரீ பிறந்தாள்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது மழைக்காலத்தில் நதியாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். டெங்கு என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் காரியம் முடிந்த அன்று அவனுடைய அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போலே. ஆம்பள ஒத்தையில இருந்து என்னத்த வளப்ப?”

மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினான். பாசம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பயம் என்றுதான் அவன் சொல்வான். நதியாவும் இல்லாமல் இவளும் இல்லாமல் அந்த ஒற்றை அறைக்குள் நுழைய அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தெருமுனையில் மாரக்காள் என்றொரு பெண், கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வாள். காலையில் பால் புட்டியும் பிஸ்கட் பாக்கெட்டுமாக அவளிடம் தேஜஸ்ரீயை விடுவான். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு போய்த் தூக்கி வருவான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பால். அவள் தூங்கிய பிறகு, கடையில் வாங்கி வந்த பரோட்டாவைப் பிரித்து அவன் சாப்பிடுவான். நதியா பால்வாடியிலிருந்து வாங்கி வைத்திருந்த சத்துமாவு பாக்கெட்டுகள் அலமாரியில் அப்படியே வண்டு விழுந்து கிடந்தன. அது எதற்கென்றே அவனுக்குத் தெரியாது.

குழந்தை அழுவதில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். “உங்க புள்ள மாதிரி ஒரு புள்ளையப் பாத்ததில்லீங்க. ஒரு தொந்தரவும் கெடையாதுங்க,” என்று மாரக்காள் சொல்வாள். தாயில்லாத பிள்ளை, நிலைமை புரிந்து நடக்கிறது என்று அவனும் நினைத்துக்கொண்டான். ஒன்றரை வயது நெருங்கியும் நடக்கவில்லை. சுவரில் பெயர்ந்து நிற்கும் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் வைப்பாள். தட்டிவிடுவான். மறுபடி சுரண்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் குளிப்பாட்டும்போது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆனால் தலையைத் தூக்கவில்லை. ஈரத் துண்டோடு அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் குழந்தையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம்போல வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அன்றே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் சிறிய கையில் நரம்பு கிடைக்காமல் செவிலியர் மாற்றி மாற்றித் தேடினார். அப்போதும் தேஜஸ்ரீ பெரிதாக அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது இசக்கிமுத்துவுக்கு அன்றுதான் புரிந்தது. அத்தனை நாள் நல்ல பிள்ளை என்று அவன் நினைத்திருந்தது நோயை.

“என்ன சாப்பாடு குடுக்குறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“பாலு, டாக்டர். பிறகு பிஸ்கட்டு.”

“சோறு? பருப்பு? கீரை?”

“குடுத்தா துப்பிருதா. பால்னா அமைதியாக் குடிச்சிருவா.”

டாக்டர் திட்டவில்லை. “பால் வயித்த நிரப்பிடும். அப்புறம் வேற எதுக்கும் பசிக்காது. அதுல ரத்தம் ஊறுறதுக்கான சத்தும் இல்ல. ஒரு வயசுக்கு மேல நீங்க சாப்பிடுற எல்லாத்தையும் மசிச்சுக் குடுக்கணும். முட்டை, மீன், ஈரல், கீரை, பயறு, கேழ்வரகு, பழம்னு மாத்தி மாத்திக் குடுங்க. பாலைக் கொறைங்க. மருந்து தரேன். ஆனா மருந்து மட்டும் போதாது,” என்றார். பிறகு, “வீட்ல யார் சமைக்கிறாங்க?” என்று கேட்டார்.

“யாருமில்ல,” என்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் முதலில் போனது முன்வீட்டுக்கு. வீட்டுக்காரர்கள் பழைய நெசவுக் குடும்பம். முருகனைக் கும்பிடுகிறவர்கள். கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. குடிவருபவர்களும் அவற்றை உள்ளே சமைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, ரூம காலி பண்ணிக்கிடுதேன். பிள்ளைக்கு முட்டையும் மீனும் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க வீட்டுல அது முடியாதுல்லா.”

சுப்பாத்தாள் துணியை விட்டுவிட்டுத் திரும்பினார். குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“உள்ள சமைக்கறது ஆகாதுங்க தம்பி. அத என்னால மாத்த முடியாதுங்க. ஆனா எங்க ஊட்டுலயும் புள்ளைங்க வளந்துருக்குதுங்களே. கறி திங்காம வளர முடியாதான்னு அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாங்க. அப்பறம் காலி பண்ணிக்கலாமுங்க.”

அடுத்த முறை போனபோது கேட்டான். வளரும் என்றார் டாக்டர். “ஆனா கொஞ்சம் மெனக்கெடணும். ஒரே பருப்பு சாதம்னு நிறுத்திடக் கூடாது. பயறு, கொள்ளு, கீரை, வேர்க்கடலைப் பொடி, கேழ்வரகு எல்லாம் மாறி மாறி வரணும். கூடவே எலுமிச்சம்பழமோ கொய்யாவோ புளிப்பா ஏதாவது குடுங்க. அப்பத்தான் கீரையில இருக்குற சத்து உடம்புல சேரும். வெளிய முட்டை கிடைச்சா அதையும் விடாதீங்க.”

அவன் கம்பெனியை மாற்றினான். வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு சின்ன யூனிட்டில், தைக்கும் துணிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குச் சேர்ந்தான். மதியம் மாரக்காளிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து போகலாம். சமையல் அவனுக்குச் சுத்தமாக வராது. அரிசிம்பருப்பு சாதம் எப்படி வைப்பதென்று சுப்பாத்தாளிடம் கேட்டுச் செய்தான், அடிப்பிடித்தது. சில நாள் அவரே கொள்ளுப்பருப்புக் கடைசலோ கேழ்வரகுக் களியோ ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார்.

சமைப்பதைவிட ஊட்டுவதுதான் பெரும்பாடு. கீரையும் பருப்பும் போட்டு மசித்த சோற்றை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுவாள். வாயை இறுக மூடிக்கொள்வாள். பால் புட்டி இருக்கும் பக்கமே கையைக் காட்டுவாள். “வாயத் தொறம்மா. ஒரே ஒரு வாய். அப்பா சொல்லுதேன்லா,” என்று கெஞ்சுவான். காக்கா, நாய், போகிற லாரி என்று எதையாவது காட்டுவான். மதிய இடைவேளை முடிந்துவிடும். சோறு தரையெல்லாம் சிதறிக் கிடக்கும். அதைத் துடைத்துவிட்டு, தான் ஒன்றும் சாப்பிடாமல் மிஷினுக்கு ஓடுவான்.

ஒரு நாள் அவள் கிண்ணத்தையே தட்டிவிட்டாள். அன்றைக்கென்று நல்ல பதத்தில் வந்திருந்த பச்சைப்பயறுச் சோறு அது. அவன் கை ஓங்கிவிட்டது. அவள் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓங்கிய கையை அவன் இறக்கினான். நதியா இருந்திருந்தால் இந்தக் கையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தான். குழந்தையிடமிருந்து தள்ளிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான்.

அன்று காலையிலிருந்தே அவன் வெறும் வயிறு. சட்டியில் மிச்சமிருந்த சோற்றைத் தட்டில் போட்டு ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து, அவளைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினான். பாதித் தட்டு முடிந்திருக்கும். முழங்காலில் ஏதோ பட்டது. தேஜஸ்ரீ தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதையே பார்த்தாள். பிறகு தன் விரல்களைத் தட்டில் விட்டாள். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். புளிப்பில் முகம் சுளித்தது. துப்பவில்லை. மறுபடி கையை விட்டாள்.

அவன் அசையவே இல்லை. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று பயந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: நதியா போனதிலிருந்து அந்த அறையில் யாரும் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. அவள் தூங்கிய பிறகுதான் அவன் தின்றான். சாப்பாடு என்றால் தன் வாயில் யாரோ திணிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. அவன் உண்பதையெல்லாம் அவளும் தொட்டாள். பிடிக்காததைத் துப்பினாள், அடுத்த வாரம் அதையே கேட்டாள். முருங்கைக்கீரையை அடையில் போட்டுச் சுட்டால் தின்றாள், பொரியலாக வைத்தால் தள்ளினாள். பால் ஒரு டம்ளரோடு நின்றது. பால்வாடி டீச்சர் ஜெயசுதா வீடு தேடி வந்து அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். முட்டை அங்கே கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில், யூனிட்டில் அவனோடு வேலை பார்க்கும் அந்தோணிராஜின் வீட்டுக்குப் போவார்கள். தூத்துக்குடிக்காரன். மீன் இல்லாமல் அவனுக்கு ஞாயிறு கிடையாது. இசக்கிமுத்து ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கி முள் தேடுவான். முள் இல்லாத துண்டையும் இன்னொரு தடவை நசுக்குவான். “இப்படித் தேடினா மீன் கூழாப் போயிரும்டே,” என்று அந்தோணிராஜ் சிரிப்பான். திரும்பி வரும்போது முன்வீட்டு வாசலில் சுப்பாத்தாள் குழந்தையைத் தூக்க மாட்டார். “போயி மேலுக்கு ஊத்திக்கிட்டு வாடா கண்ணு. அப்பறம் அம்மிணிய எடுத்துக்கறேன்,” என்பார். இசக்கிமுத்துவுக்கு அதில் வருத்தமில்லை. அவளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கொடுப்பான்.

தேஜஸ்ரீ நடந்தாள். கொஞ்ச நாளில் ஓடினாள். மாரக்காளிடமிருந்து புகார் வரத் தொடங்கியது. “ஏனுங்க, உங்க புள்ள மத்த புள்ளைங்க டப்பாவத் தொறந்து திங்குதுங்க. கேட்டா கடிக்குதுங்க.” அவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் அவனுடைய முகத்தைப் பார்த்த மாரக்காள், “இதுக்குப் போய் இந்தாளு சந்தோசப்படறாருங்களே,” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

மூன்று வயது நெருங்கும்போது கடைசியாக ஒரு முறை ரத்தம் சோதித்தார்கள். சரியாக இருந்தது. “இனி மருந்து வேண்டாம். சாப்பாட்ட மட்டும் விட்டுடாதீங்க,” என்றார் டாக்டர்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். நதியாவை அடக்கம் செய்த அன்றுகூட ஆட்கள் முன்னால் அழாதவன், போகிறவர் வருகிறவர் பார்க்க, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான். தேஜஸ்ரீ அவன் கையை விலக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி மண்ணில் எறும்பு போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்ததும் அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். யூனிட்டில் அன்று அவசர ஆர்டர். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். அவள் கனத்தாள். பாதி வழியில் இடுப்பு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.